வல்வில்லும் இயைந்த வில்லும்

கைக்கு எட்டாத தொலைவில் இருப்பதை எட்டிப் பிடிக்க மனிதன் கண்ட கருவிகளுள் வில் மிகப் பழமையானது. தமிழகத்தில் அதற்குத் தனிப்பெருமை உண்டு. மூவேந்தருள் ஒருவரான சேரர் வில்லையே தம் இலச்சினையாகக் கொண்டனர். சங்ககாலச் சேரர் வெளியிட்ட செப்புக் காசுகளில் யானையும் வில்லும் அம்பும் பொறிக்கப்பெற்றிருத்தலை இன்றும் காண்கிறோம். குறிஞ்சிக் கானவரும் பாலை எயினரும் வில்லால் வாழ்ந்தனர். வில், சிலை, தனு, சாபம், கார்முகம் எனக் கருவிக்குப் பல பெயர். அம்பு, கணை, பகழி, வாளி என அதன் துணைக்கும் பல பெயர். ஒரு பொருளோடு நெடுங்காலம் பழகிய மக்களிடத்தன்றி இத்தனை பெயர்கள் தோன்றா.

ஆயினும் நம் மேடைகளில் வில்லின் பெருமை பேசப்படும்போது நாம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றே. எவராலும் வளைக்க இயலாத வில்லை ஒருவன் வளைத்தான் என்பதே அது. வலிமை மிகுந்த வில்லே சிறந்த வில், அதனைத் தாங்கியவனே சிறந்த வீரன் என்னும் எண்ணம் நம் நெஞ்சில் வேரூன்றி விட்டது. நாள்தோறும் காட்டிற்குச் சென்று, வேட்டையாடி, அதனால் மனைவி மக்களைக் காத்த ஒரு கானவன் எத்துணை வலிய வில்லைத் தனக்கெனத் தேர்ந்திருப்பான்? இவ்வினாவை நாம் கேட்பதில்லை. கேட்டுப் பார்ப்போமாயின், ‘வல்வில்’ என்னும் சொல்லின் பொருளே நமக்கு வேறாகத் தோன்றும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில்லின் வலிமை என்பது யாது?

முதற்கண் வில்லின் வலிமை என்பதனைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். நாணை முழு அளவிற்குப் பின்னே இழுத்து நிறுத்த எவ்வளவு பளு தேவையோ அதுவே அவ்வில்லின் வலிமை. இதனை அளத்தல் எளிது. நாணேற்றிய வில்லின் கைப்பிடியை உத்தரத்தில் பொருத்தித் தொங்கவிட்டு, நாணின் நடுவில் எடைகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்ட வேண்டும். அம்பின் நீளத்திற்கு நாண் இறங்கும்போது தொங்கும் எடை எவ்வளவோ, அவ்வளவே வில்லின் வலிமையாகும். வில்லாளர் உலகில் இதனை ராத்தல் கணக்கில் கூறுதல் மரபு. 40 ராத்தல் வில் என்றால், அதனை முழுதும் இழுத்துப் பிடிப்பவன் ஏறத்தாழ 18 கிலோ எடையை மூன்று விரல்களால் தாங்குகிறான் என்பது பொருள்.

இவ்வெடை இழுக்கும் நீளத்தைப் பொறுத்தது என்பதும் கருதத்தக்கது. இக்காலத்தில் 28 அங்குல இழுப்பிற்கே வில்லின் எடை குறிக்கப்படுகிறது. இறுதி நிலையில் ஒவ்வோர் அங்குலத்திற்கும் இரண்டு மூன்று ராத்தல் கூடும் அல்லது குறையும். ஆகவே 40 ராத்தல் எனக் குறிக்கப்பெற்ற வில்லை, கை நீளம் குறைந்த ஒருவர் 26 அங்குலமே இழுப்பாராயின், அவர் தாங்குவது 35 ராத்தல் அளவே ஆகும். கை நீண்டவர் அதே வில்லில் கூடுதலான பளுவைச் சுமப்பார். வில் ஒன்றே, அதன் வலிமையோ ஏந்துபவருக்கேற்ப மாறுகிறது.

இதிகாசத்தின் வில்

இதிகாசங்களில் வில் ஒரு தேர்வுக் கருவியாக வருகிறது. மிதிலையில் இருந்த சிவதனுசு எட்டுச் சக்கரங்கள் பூட்டிய பேழையில் வைக்கப்பெற்று, ஐயாயிரவரால் இழுத்து வரப்பட்டது என்கிறார் வால்மீகி. பாஞ்சாலியின் சுயம்வரத்தில் நாணேற்ற முயன்ற அரசர் பலர் தோற்று நாணினர். கிரேக்கப் பெருங்காப்பியமான ஒடிசியிலும் இதே காட்சி வருகிறது. இருபது ஆண்டு கழித்து இல்லம் திரும்பிய ஒடிசியசின் வில்லிற்கு நாணேற்ற, அவன் மனைவியை விழைந்து வந்தவர் எவராலும் இயலவில்லை. பிச்சைக்காரக் கோலத்தில் வந்த அவனே அதற்கு எளிதாக நாணேற்றி, பன்னிரண்டு கோடரிகளினூடே அம்பைச் செலுத்தினான்.

இக்காட்சிகள் யாவும் வில்லாளனின் தகுதியை ஒரே ஒரு நொடியில், ஊரறியக் காட்டுவன. அரசவை கூடியிருக்கிறது, வில் அசையாது கிடக்கிறது, குறியும் நிலையாக நிற்கிறது. வேட்டைக்காரனுக்கோ இவற்றுள் ஒன்றும் வாய்ப்பதில்லை. அவனைக் காண்போர் இல்லை. அவன் குறி ஓடுவது, மறைவது, திரும்பித் தாக்குவது. ஒரு நாளன்று, ஆண்டு முழுவதும் அவன் அவ்வில்லை ஏந்த வேண்டும். ஆதலின் காப்பிய வில்லைக் கொண்டு கானவன் வில்லை அளப்பது பொருந்தாது.

நூலோர் வகுத்த நெறி

வில்வித்தையை ஒரு சாத்திரமாகவே நம் முன்னோர் வளர்த்தனர். அக்கினி புராணத்தில் தனுர்வேதம் பற்றிய பகுதி உண்டு. காலாள் ஏந்தும் வில் நான்கு முழம் இருப்பின் உத்தமம், மூன்றரை முழம் மத்திமம், மூன்று முழம் அதமம் என்று அது பகுத்துரைக்கிறது. இது நீளம் பற்றிய விதி.

வலிமை பற்றிய விதியைச் சார்ங்கதர பத்ததியில் காண்கிறோம். கி.பி. 1363 ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்றதாகக் கருதப்படும் இவ்வடமொழித் திரட்டு நூலில் வில்வித்தைக்குத் தனிப்பகுதி உண்டு. பயிற்சி வில் முதலாவது, போர் வில் இரண்டாவது என வில்லை இருவகையாக்கும் இந்நூல், ஒருவன் தன் தோள்வலியின் அளவிற்குச் சற்றே குறைந்த வலிமையுடைய வில்லையே கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. மேலும், வில்லைவிட வில்லாளன் வலியனாதல் நன்று. வில்லாளனைவிட வில் வலியதாதல் தீது என்று விளக்கி, அதற்குக் காரணமும் காட்டுகிறது. வில்லால் வருத்தப்படுபவன் தன் குறியைக் காண மாட்டான் என்பதே அக்காரணம்.

இக்கருத்து எண்ணி எண்ணி மகிழத்தக்கது. வில் கடினமானால் தோள் நோகும், கை நடுங்கும் என்று மட்டும் இந்நூல் கூறியிருக்கலாம். அவ்வாறு கூறாமல், கண்ணைச் சுட்டிக் காட்டியது. பளுவைத் தாங்குவதில் மனம் முழுவதும் செலவாகிவிட்டால், எதிரே நிற்கும் குறி கண்ணிற் பட்டும் கருத்திற் படாமற் போகிறது. வில்லைப் பற்றிக் கூறப்பெற்ற இதனை வாழ்வில் எத்துணையோ செயல்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

போர்க்கள வில்

அப்படியாயின் மிக வலிய விற்கள் இருந்ததே இல்லையா என்னும் ஐயம் எழும். இருந்தன, போர்க்களத்தில் இருந்தன. மெகஸ்தனிசு, நியார்க்கசு முதலியோரின் குறிப்புகளைத் தழுவி எழுதிய கிரேக்க ஆசிரியர் ஆரியன், இந்தியக் காலாட்படையினரின் வில் ஆளுயரம் இருந்தது என்கிறார். அதன் ஒரு முனையை நிலத்தில் ஊன்றி, இடக்காலால் அழுத்திக்கொண்டு, நாணை நெடுந்தொலைவு பின்னே இழுத்து எய்தனராம். மூன்று முழத்திற்குச் சற்றே குறைந்த அவர்தம் அம்பைக் கேடயமும் தாங்காது, மார்புக் கவசமும் தாங்காது என்றும் அவர் வியக்கிறார்.

இவ்வல்வில்லே தன் ஏந்தலைக் கைவிட்ட வரலாறும் உண்டு. கி.மு. 326 இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் மன்னன் அலெக்சாந்தரை எதிர்த்து நின்றான். மழை பெய்து நிலம் சேறாகியிருந்தது. நிலத்தில் ஊன்றியன்றி அம்பு பூட்ட இயலாத பெருவிற்கள் வழுக்கும் தரையில் பயனற்றுப் போயின என்று உரோம ஆசிரியர் கர்ட்டியசு எழுதுகிறார். போரின் முடிவிற்குக் காரணங்கள் பல இருப்பினும், ஊன்றுகோல் இன்றி நிற்க இயலாத வலிமையின் குறை இந்நிகழ்ச்சியால் விளங்குகிறது.

மேலை நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பல் 1545 இல் கடலில் மூழ்கியது. 1982 இல் அதன் உடற்பகுதி மேலே கொணரப்பட்டது. அக்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட நெடுவிற்கள் சிதையாமல் கிடைத்தன. அவற்றின் வலிமை 100 ராத்தல் முதல் 185 ராத்தல் வரை இருக்கும் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். உடன் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோளெலும்பின் நுனி இணையாமல் தனித்து நிற்கக் கண்டு, இளமை முதல் பெருவில் இழுத்தவரின் எலும்புகளாக அவை இருக்கலாம் என்றும் கருதினர். கவசம் பூண்ட பகைவர் கூட்டத்தின் மேல், தொலைவிலிருந்து, நூற்றுக்கணக்கானோர் ஒருசேர அம்பு மழை பொழிய அவ்வலிமை வேண்டியிருந்தது. அங்கே ஓர் அம்பு ஒரு குறியைத் தவறினாலும் மற்றொன்றில் தைக்கும். காட்டில் அவ்வாறு இல்லை.

கானவன் வில்

காட்டு விலங்கு கவசம் அணிவதில்லை. ஆனால் அதன் செவியும் மூக்கும் கவசத்தினும் வலிய காவல். அதனை வெல்ல வேடன் அருகே செல்ல வேண்டும். புதர் மறைவில் குந்தியிருந்தோ, பாறை இடுக்கில் ஒருக்களித்து நின்றோ, பரண்மேல் அமர்ந்தோ எய்ய வேண்டும். விலங்கு தலை தாழ்த்தும் நொடியில் ஓசையின்றி நாணை இழுக்க வேண்டும். அது தலை நிமிர்ந்து நோக்கினால், இழுத்த நாணை இழுத்தபடியே நிறுத்த வேண்டும். குறி வாய்க்கவில்லையெனில் எய்யாமலே மெல்லத் தளர்த்திக் கொள்ளவும் வேண்டும். இவ்வளவும் செய்ய இயலாத வில், எத்துணை வலியதாயினும் வேட்டைக்கு உதவாது.

அம்பு கொல்லும் முறையும் இங்குக் கருதத்தக்கது. துப்பாக்கிக் குண்டு தாக்குதலின் வேகத்தாலும் கொல்லும். அம்போ அறுத்துச் செல்வது. குருதியை வடியச் செய்து கொல்வது. ஆகவே கூர்மையும் தைக்கும் இடமும் இன்றியமையாதவை. நெஞ்சிற் பாய வேண்டிய அம்பு வயிற்றிற் பாயுமாயின், மான் ஒரு பகலும் ஓரிரவும் துன்புற்று எங்கோ ஒரு புதரில் மடியும். அது வேடனுக்கும் உணவாவதில்லை. பன்றியாயின் காயம்பட்ட வெறியில் திரும்பிப் பாயும். தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் பன்றிகுத்திப்பட்டான் கற்கள் பல காணப்படுகின்றன. பயிரழித்த பன்றியோடு நேர்நின்று பொருது மாண்ட வீரர்க்கு ஊரார் நாட்டிய நடுகற்கள் அவை. பன்றியின் கொடுமையை அக்கற்களே பேசும். கண்ணப்பர் வரலாற்றிலும், விற்பிடித்து விழாக் கொண்டாடிய திண்ணனார், தப்பியோடிய பன்றியைத் துரத்திச் சென்று இறுதியில் உடைவாளாலேயே வெட்டி வீழ்த்தியதாகச் சேக்கிழார் பாடுகிறார்.

இனி, ‘வல்வில்’ என்னும் அடைமொழி பெற்ற ஓரியிடம் வருவோம். கொல்லிமலைத் தலைவனான அவனைப் புறநானூற்றின் 152 ஆம் பாடலில் வன்பரணர் பாடினார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்தது என்பது அப்பாடலின் செய்தி. இதனை வில்லின் வலிமைக்குச் சான்றாகவே எல்லோரும் காட்டுவர். புலவர் வாக்கில் உயர்வு நவிற்சி உண்டு என்பதை யாரும் மறுக்கார். ஆயினும் அப்பாடலில் நாம் கவனியாது செல்லும் பகுதி ஒன்றுண்டு. புலவர் அவனை முதலில் காணும்போது அவன் இன்னான் என அறியவில்லை. காட்டில் தனித்து நிற்கும் ஒரு வேட்டுவனாகவே அவன் தோன்றுகிறான். பாணர் கூட்டம் பாடி முடித்ததும் ஊனும் தேனும் பொன்னும் மணியும் தருகிறான். தன் பெயர் சொல்லப்படக் கேட்டு நாணுகிறான்.

தன் பெயர் கேட்கவே நாணிய ஒருவன், பிறர் வியக்கும் பொருட்டுப் பெருவில் தாங்கியிருப்பான் என நம்புதல் அரிது. ‘வல்’ என்னும் சொல்லுக்கு வலிமை என்பதோடு திறமை என்னும் பொருளும் உண்டு. வல்லவன், வல்லுநன், சொல்வன்மை என்னும் சொற்களில் அப்பொருளே நிற்கிறது. ஓரியின் வில்லில் வலிமை இருந்தது உண்மையே. அவ்வலிமை அவன் தோளுக்கு அடங்கி நின்றமையால் வன்மையாயிற்று என்று கொள்வதே சாலப் பொருத்தம். கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கையொட்டி அவனுக்கு அரசு விழா எடுக்கப்படுகிறது. விழாவில் அவன் ஆற்றலைப் பேசுவோர் அவன் அடக்கத்தையும் சேர்த்துப் பேசுதல் நன்று.

வயநாடும் கலிபோர்னியாவும்

சேர நாட்டின் வில் மரபு சங்ககாலத்தோடு முடிந்துவிடவில்லை. வயநாட்டுக் குறிச்சியர் அண்மைக்காலம் வரை வில்லில் வல்லவராய் விளங்கினர். பழசிராசா ஆங்கிலேயக் கும்பினியை எதிர்த்தபோது அவருக்குத் துணைநின்றோர் இவர்களே. 1802 ஆம் ஆண்டு அக்டோபரில் தலைக்கல் சந்துவும் எடச்சன குங்கனும் தலைமை தாங்க, குறிச்சியர் வில்லும் அம்பும் கொண்டு பனமரத்தில் இருந்த கும்பினிப் படையைத் தாக்கி அழித்தனர். 1805 இல் சந்து பிடிபட்டு உயிர் துறந்தார். பழசிராசாவும் அவ்வாண்டே வீழ்ந்தார். துப்பாக்கி ஏந்திய படையை வில்லால் வென்றது வில்லின் பளுவினாலா? மறைந்து அணுகும் காட்டறிவும், வேட்டையில் பழகிய குறியும் அல்லவோ அவ்வெற்றியைத் தந்தன?

இக்கருத்திற்கு அளந்து காட்டிய சான்று ஒன்று கடல் கடந்து கிடைக்கிறது. 1911 இல் வட கலிபோர்னியாவில், தன் இனம் முழுவதும் அழிந்தபின் எஞ்சிய ஒரே மனிதன் காட்டிலிருந்து வெளிப்பட்டான். யாஹி என்னும் செவ்விந்தியக் குழுவைச் சேர்ந்த அவனை ‘இஷி’ என்றழைத்தனர். சான்பிரான்சிஸ்கோவில் அவனுக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவனிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றார். 1916 இல் இஷி மறைந்தான். 1923 இல் போப் வெளியிட்ட வேட்டை நூல் மேலைநாட்டில் வில்வேட்டைக்குப் புத்துயிர் அளித்தது. இஷி மானை வேட்டையாடிய வில்லின் வலிமை 45 ராத்தல் அளவே என்பது போப் அளந்து குறித்த செய்தி. வாழ்நாள் முழுதும் வில்லால் உயிர் வாழ்ந்த ஒருவன், மேரி ரோஸ் வீரர் இழுத்ததில் பாதியினும் குறைந்த வில்லைப் போதுமெனக் கொண்டான். அருகே அணுகும் பொறுமை அவனிடம் இருந்தது. எஞ்சிய வலிமையை அப்பொறுமை ஈடு செய்தது. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலை வேடர் இதனினும் இலேசான வில்லை ஏந்துவர். அவர்தம் அம்பில் வண்டுப் புழுவின் நஞ்சு பூசப்பட்டிருக்கும். ஆகவே தோலைத் துளைக்கும் அளவு வலிமையே அவர்க்குப் போதும்.

தேர்ந்தெடுக்கும் முறை

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், வேட்டை வில்லின் வலிமையைத் தேர்வது எவ்வாறு என்பது தெளிவாகும்.

முதலில் ஒரு கணக்கு. 40 ராத்தல் வில்லை அரை மீட்டர் அளவிற்கு இழுக்கும்போது அதில் சேரும் ஆற்றல், நான்கரைக் கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் உழைப்பிற்கு ஏறத்தாழ ஒப்பாகும். வில்லின் வலிமையை 80 ராத்தலாக்கினால் சேரும் ஆற்றலும் இரு மடங்காகும். ஆனால் அம்பின் வேகம் இரு மடங்காகாது. அதே அம்பானாலும் ஒன்றரை மடங்கை எட்டாது. மேலும் வலிய வில்லிற்குத் தடித்த, கனத்த அம்பு வேண்டும். அதனால் வேகத்தின் ஆதாயம் இன்னும் குறையும். தோளுக்கு உண்டாகும் துன்பமோ இரு மடங்கிற்கும் மேல். வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்த்து வாழும் நம்மனோர்க்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

அடுத்து, வில்லாளன் தன்னைத்தானே தேர்ந்து கொள்ளும் முறை. வில்லை வானோக்கி உயர்த்தாமல், குறிக்கு நேரே நீட்டியபடி நாணை இழுத்தல் வேண்டும். முதுகு வளையவோ, தலை முன்னே நீளவோ கூடாது. முழுதும் இழுத்தபின் பத்து எண்ணும் வரை கை நடுங்காது நிறுத்துதல் வேண்டும். பின்னர் எய்யாமலே மெல்லத் தளர்த்துதல் வேண்டும். நின்று செய்ததை அமர்ந்தும், மண்டியிட்டும், கால்களை நிலத்தினின்று தூக்கியும் செய்து பார்த்தல் வேண்டும். புதிதாய் வந்த கையோடு அல்லாமல், இருபது முறை எய்து களைத்த கையோடும் செய்து பார்த்தல் வேண்டும். இவ்வளவிலும் தேறிய வில்லே தனக்கு இயைந்த வில். ஒரே ஒருமுறை பல்லைக் கடித்து இழுத்துவிட்ட வில்லைத் தனதென்று கொள்பவன் அதற்கு அடிமையாகிறான்.

கற்கத் தொடங்குவோர்க்கு 20 முதல் 30 ராத்தல் வரை போதும் என்பர் பயிற்சியாளர். தசை பழகப் பழக வலிமையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். பயிற்சி வில் முதலாவது என்று சார்ங்கதர பத்ததி வகுத்ததும் இதனாலேயே. மறுபுறம், வலிமை ஓர் அளவிற்குக் கீழே இறங்குதலும் தவறு. வில்வேட்டைக்கு இசைவளிக்கும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்கு 35 அல்லது 40 ராத்தலுக்குக் குறையாத வில் வேண்டும் எனச் சட்டமே உண்டு. தைக்காத அம்பும் தவறிய அம்பைப் போலவே விலங்கை வதைக்கும் அன்றோ? ஆகவே விலங்கின் உடல் கீழெல்லையை வகுக்கிறது. வில்லாளனின் தோள் மேலெல்லையை வகுக்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே அவனுக்குரிய வில். தோள் கீழெல்லையை எட்டாத வரை, அவன் பயில வேண்டுமேயன்றி வேட்டைக்குச் செல்லுதல் ஆகாது.

இத்துன்பத்தைக் குறைக்க அறிவியலும் வழி கண்டது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஆலன் என்பவர் முனைகளில் உருளைகள் பொருத்திய கூட்டு வில்லை அமைத்து 1969 இல் காப்புரிமை பெற்றார். முழுதும் இழுத்தபின் பளுவின் பெரும்பகுதி குறைந்துவிடும் என்பது அதன் சிறப்பு. எனினும் இடையில் ஒருமுறை முழுப்பளுவையும் கடந்தே ஆக வேண்டும். ஆதலால் பழைய விதி அங்கும் மாறவில்லை.

நம்மூர் விற்கள்

நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை குற்றமாயிற்று, அது நன்றே. கானவன் வில் இன்று அருங்காட்சியகங்களிலும் விளையாட்டுத் திடல்களிலுமே வாழ்கிறது. ஆயினும் திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு ஆண்டில் இருமுறை ஒரு வேட்டையைக் காணும் பேறு உண்டு. பத்மநாபசுவாமி கோயிலில் ஐப்பசியிலும் பங்குனியிலும் நடைபெறும் திருவிழாக்களின் பள்ளிவேட்டையே அது. அம்மாதங்களை இங்குள்ளோர் அல்பசி, பைங்குனி என வழங்குதல் தமிழ் மாதப் பெயர்களின் திரிபே என்பதும் நாம் அறிந்து மகிழத்தக்கது. பன்றி உருக்கொண்ட திருமாலின் பெயர் பூண்ட ஸ்ரீவராகத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் கோட்டைப் பகுதியை அடையலாம். அங்கே வேட்டைக்கொருமகன் கோயிலின் அருகில் வேட்டைக்களம் அமைக்கப்படும். வாத்திய முழக்கமின்றி ஊர்வலம் வர, திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் ஓர் இளநீரைக் குறிவைத்து அம்பெய்வார். தீமையை அழித்தலின் அடையாளம் அது என்பர்.

அவ்வேட்டையில் பெருவில் இல்லை, நெடுந்தொலைவு இல்லை. மௌனமும், அணுகுதலும், தவறாத குறியும் உண்டு. கானவர் வேட்டையின் சாரம் இம்மூன்றே. பல நூற்றாண்டுகளின் ஆரவாரம் அடங்கியபின், சடங்கு தனக்கெனக் காத்து வைத்திருப்பது இவற்றைத்தான்.

இதே கோயிலில் திருவோண நாளில் ஓணவில் என்னும் வண்ணம் தீட்டிய வில் இறைவனுக்குச் சார்த்தப்படுகிறது. கரமனைப் பகுதியில் வாழும் கைவினைக் குடும்பத்தார் அதனை வழிவழியாகச் செய்து அளிக்கின்றனர். அனந்தசயனமும் தசாவதாரமும் தீட்டப்பெறும் அது நாணை இழுத்து எய்தற்குரியதன்று. தெற்கே, 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நாஞ்சில் நாட்டிலோ வில் இசைக்கருவியாயிற்று. மணிகள் கட்டிய நெடுவில்லைக் குடத்தின் மேல் கிடத்தி, வீசுகோலால் நாணைத் தட்டி, கதை பாடுவர் வில்லுப்பாட்டுக் கலைஞர். எய்யாத வில்லும் மக்களுக்கு எத்துணைப் பயன்படுகிறது என்பதற்கு இவை சான்று.

முடிவுரை

படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில், எளிய முயலை வென்ற அம்பினும் பெரிய களிற்றை நாடித் தவறிய வேலுக்கே வள்ளுவர் பெருமை தருகிறார். இதனைக் கொண்டு, இயைந்த வில் என்று நாம் கூறியது கோழைமைக்கு வழி என்று கூறுவார் உளர். அது போர்வீரனின் உள்ள உயர்வைப் பாடும் இடம். அதே வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் முழுதும் வகுத்து, செயலின் வலிமையையும் தன் வலிமையையும் எதிர் நிற்பவன் வலிமையையும் துணையின் வலிமையையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்குக என்று பணித்தார். உள்ளம் உயர்ந்ததை நாடலாம். கை தான் தாங்குவதையே ஏந்த வேண்டும். இரண்டும் முரண்பட்டவை அல்ல.

நம் பழம்பெருமையைப் பேசும்போதும் இவ்வறிவு நமக்கு வேண்டும். தாங்க இயலாத புகழுரைகளை முன்னோர் மேல் ஏற்றி வைத்தால், அவர்தம் உண்மைத் திறம் நம் கண்ணுக்குப் புலப்படாமற் போகும். வில்லால் வருந்துபவன் குறியைக் காணான் என்னும் நூலோர் மொழி வரலாறு எழுதுவோர்க்கும் ஏற்கும். நாணேற்றத் தெரிந்தவர் பலர். இழுத்து நிறுத்தத் தெரிந்தவர் சிலர். எய்யாது தளர்த்தத் தெரிந்தவர் மிகச் சிலர். அம்மிகச் சிலரின் வில்லையே வல்வில் என்று நாம் போற்றுவோமாக.